முப்பத்தெண்மர் பார்த்தனரா?

1964-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் வெளிவந்த நியூயார்க் டைம்சு நாளிதழின் முதற்பக்கத்தில் ஒரு கொலைச் செய்தி இடம்பெற்றது. இரண்டு வாரங்களுக்கு முன், அந்நகரின் குயின்சுப் பகுதியிலுள்ள கியூ கார்டன்சில், விடியற்காலை மூன்றேகால் மணி அளவில், வேலை முடித்து வீடு திரும்பிய கிட்டி செனோவீசு என்னும் 28 அகவைப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். கொலையாளி மூன்று முறை வந்து தாக்கினான் என்றும், அரைமணி நேரத்துக்கு மேல் நீண்ட அக்கொடுமையை 38 பேர் தத்தம் வீடுகளிலிருந்து பார்த்திருந்தனர் என்றும், தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது அவர்களுள் ஒருவர்கூடக் காவலரை அழைக்கவில்லை என்றும் அச்செய்தி கூறியது.

படித்தோர் பதைத்தனர். பெருநகர வாழ்வு மாந்தரின் நெஞ்சைக் கல்லாக்கிவிட்டது என்று எழுதாதவரும் பேசாதவரும் இல்லை. அந்நாளிதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஏ. எம். உரோசெந்தால் அவ்வாண்டே அதனைச் சிறு நூலாக வெளியிட்டார். பின்னர் அக்கதை குமுக உளவியலின் பாடநூல்களுக்குள் குடிபுகுந்தது. ‘பார்வையாளர் விளைவு’ என்ற பாடத்தைப் பயின்ற அமெரிக்க மாணவருள் 38 என்ற எண்ணைக் கேளாதவர் மிகச் சிலரே.

நடந்தது வேறு. தாக்குதல்கள் மூன்றல்ல, இரண்டு. முதலாவது தெருவோரம் நிகழ்ந்தது. எதிர்க்கட்டடத்தில் இருந்த ஒருவர் சாளரத்திலிருந்து உரத்து அதட்ட, கொலையாளி ஓடிவிட்டான். காயமுற்ற செனோவீசு எழுந்து, தள்ளாடித் தம் கட்டடத்தின் பின்புறம் சென்றார். உயிரைக் குடித்த இரண்டாம் தாக்குதல், அங்கிருந்த ஒரு வாயிலின் உட்புறத்தில், படிக்கட்டின் அடியில் நிகழ்ந்தது. அவ்விடத்தைக் காணக்கூடிய சாளரங்கள் ஏறத்தாழ இல்லை எனலாம். கண்டும் வாளாவிருந்தோர் ஓரிருவர் இருந்தனர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பலர் கேட்டது உறக்கத்தைக் கலைத்த ஓர் அலறல் மட்டுமே. காவலரைத் தொலைபேசியில் அழைத்ததாகப் பின்னர்க் கூறியோரும் உண்டு. 911 என்னும் பொது அழைப்பெண் அந்நாட்டில் 1968-இல்தான் வந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர், கொலையாளி போய்விட்டானா என்றும் அறியாமல், படிகளில் இறங்கி ஓடிவந்து அவரைத் தம் கைகளில் தாங்கிக்கொண்டார். நாளிதழ்ச் செய்தியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

38 என்ற எண் எங்கிருந்து வந்தது? நகரக் காவல்துறை ஆணையர் நண்பகல் உணவின்போது உரோசெந்தாலிடம் சொன்ன எண் அது. செய்திக்கு வித்திட்டது அந்த உரையாடலே. இங்கிலாந்தின் உளவியலார் இரேச்சல் மேனிங், மார்க் இலெவின், ஆலன் காலின்சு ஆகிய மூவரும் வழக்கின் ஆவணங்களோடு பாடநூல்களை ஒப்பிட்டு 2007-இல் அமெரிக்க உளவியலாளர் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, பாடநூற்கதைக்குச் சான்றில்லை என்று நிறுவியது. 2016-இல் கொலையாளி சிறையில் இறந்த செய்தியை வெளியிட்டபோது, நியூயார்க் டைம்சே தன் பழைய செய்தி பிழைபட்டது என்று ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட காலம் ஐம்பத்திரண்டு ஆண்டு.

உயர்நிலைப் பள்ளியில் ஊடக எழுத்தறிவு கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைப்பது அரிது என்பது என் துணிபு. ஊடக எழுத்தறிவைத் தனிப் பாடமாக்குவதா, மொழிப் பாடத்தில் சேர்ப்பதா, கணினிப் பாடத்தில் சேர்ப்பதா என்று பல நாடுகளில் நெடுங்காலமாகப் பேசிவருகின்றனர். அதன் இயல்பான இல்லம் குமுக உளவியல். செய்தி மாந்த உள்ளத்தைப் பற்றும் வகையை ஆராயும் துறை அது. அத்துடன், தானே ஒரு செய்தியால் பற்றப்பட்டு, தானே அதனை ஆய்ந்து திருத்திக்கொண்ட துறையும் அதுதான்.

இக்கதையின் மிக வளமான பகுதி இனிமேல்தான் வருகிறது. நாளிதழ்ச் செய்தியால் தூண்டப்பட்ட சான் டார்லி, பிப் இலட்டானே என்னும் இளம் உளவியலார் இருவர், மக்கள் ஏன் உதவவில்லை என்ற வினாவைச் செய்முறைக்கு உட்படுத்தினர். 1968-இல் வெளியான அவர்களது ஆய்வில், கல்லூரி மாணவர் தனித்தனி அறைகளில் அமர்ந்து ஒலிவாங்கி வழியே உரையாடினர். உரையாடுவோருள் ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரல் கேட்கும். அதைக் கேட்பவர் தாம் ஒருவரே என்று எண்ணியோருள், வலிப்பு அடங்குமுன் எழுந்து சென்று உதவி கேட்டவர் 85 விழுக்காட்டினர். தம்மைப் போல் இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்று எண்ணியோருள் அவ்வாறு செய்தவர் 31 விழுக்காட்டினரே. எழுந்து செல்லாதவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவர்களுட் பலர் நடுங்கினர், கை வியர்த்தனர், அந்த மாணவர் நலமா என்று பின்னர்க் கேட்டனர். பொறுப்பு பலர்மேல் சிதறியபோது ஒவ்வொருவரின் பங்கும் சிறுத்துப் போயிற்று என்பது ஆய்வாளர் தந்த விளக்கம்.

ஆக, ஒரு பொய்க்கதையிலிருந்து ஒரு மெய்யாய்வு பிறந்தது. பதினாறு, பதினேழு அகவை மாணவர் இதை எதிர்கொள்ளும்போது இரண்டு தவறான முடிவுகளுள் ஒன்றில் விழுவர். ‘ஆய்வு சரியானது; எனவே கதையும் ஏறத்தாழ உண்மைதான்’ என்பது ஒன்று. ‘கதை பொய், எனவே ஆய்வும் பொய்’ என்பது மற்றொன்று. கியூ கார்டன்சில் என்ன நடந்தது என்பது ஒரு வினா. ஆய்வறையில் என்ன நடந்தது என்பது வேறு வினா. ஆய்வறையில் கண்டது தெருவுக்குப் பொருந்துமா என்பது மூன்றாவது வினா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். மூன்றாம் வினாவுக்கும் இன்று விடை கிடைத்துள்ளது. இரிச்சர்டு பில்பாட்டும் அவர்தம் குழுவினரும் ஆம்சுட்டர்டாம், இலங்காசுட்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்பு ஒளிப்பதிவுகளில் பதிவான 219 தெருச்சண்டைகளை நுணுகி ஆய்ந்தனர். பத்தில் ஒன்பதில் பார்த்துநின்றோருள் ஒருவரேனும் இடைபுகுந்து தடுக்க முயன்றிருந்தார். பார்த்துநின்றோர் எண்ணிக்கை கூடக்கூட, எவரேனும் ஒருவர் முன்வரும் வாய்ப்பும் கூடியது. தனியொருவரின் தயக்கத்தை அளந்த ஆய்வும், கூட்டத்திலிருந்து உதவி கிடைத்ததா என்று அளந்த ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. அளந்த பொருள்கள் வேறு. இந்த வேறுபாட்டை ஒரு மாணவி கண்டுகொள்ளும் வேளையில், செய்தியிலுள்ள எண்ணைப் படிக்கும் கலையில் பாதியை அவள் கற்றுவிடுகிறாள்.

மேனிங் குழுவினர் எழுப்பிய ஒரு குறை இங்கே எண்ணத்தக்கது. பொய்யான தொடக்கக் கதை ஆய்வு முடிவுகளைக் கெடுக்கவில்லை. ஆய்வாளர் எழுப்பிய வினாக்களை அது குறுக்கிவிட்டது. கூட்டம் என்றாலே உதவிக்குத் தடை என்ற பார்வை வேரூன்றியதால், கூட்டம் எவ்வாறு உதவிக்குத் துணையாகிறது என்று கேட்க உளவியலார் பல பத்தாண்டுகள் மறந்திருந்தனர். ஒரு செய்தி நாம் என்ன நம்ப வேண்டும் என்பதை மட்டுமன்றி, எதை வினவ வேண்டும் என்பதையும் வகுத்துவிடுகிறது. ஊடகக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தொடாத ஆழம் இது.

வகுப்பில் இதை நடத்தும் முறையும் முதன்மையானது. தொடக்கத்திலேயே ‘இது பொய்க்கதை’ என்று அறிவித்துவிட்டால் பாடம் வீணாகிவிடும். மாணவர் முதலில் 1964-இன் செய்தியை அது வந்த வடிவிலேயே படிக்கட்டும், சினம் கொள்ளட்டும், அம்மக்கள் ஏன் வாளாவிருந்தனர் என்று ஒரு பக்கம் எழுதட்டும். ஒரு வாரம் கழித்து 2007-இன் சான்றுகளைக் கையில் தந்து, தாம் எழுதியதைத் தாமே திருத்தச் சொல்ல வேண்டும். அப்போது ஒரு வியப்பு நிகழும்: திருத்திய பின்னும் பழைய கதையின் எச்சம் எழுத்தில் நிற்கும். இதற்கும் உளவியலில் சான்றுண்டு. ஆலின் சான்சன், கோலீன் சைபர்ட்டு ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பண்டகசாலைத் தீயைப் பற்றிய செய்தி தொடர்ந்து படிக்கத் தரப்பட்டது. அங்கொரு சிற்றறையில் வண்ணக் கலங்களும் வளி உருளைகளும் கிடந்தன என்று ஓரிடத்தில் வரும்; அவ்வறை வெறுமையாக இருந்தது என்று பின்னர்த் திருத்தம் வரும். திருத்தத்தைப் படித்து நினைவிலும் வைத்திருந்தவர்கள், ‘புகை ஏன் அவ்வளவு கரியது?’ என்று கேட்டபோது, இல்லாத வண்ணக் கலங்களையே காரணம் காட்டினர். உள்ளம் ஒரு காரணத்தைப் பற்றிக்கொண்டபின், அதை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அவ்விடத்தில் வேறொரு காரணத்தை வைக்க வேண்டும். தம் தாளிலேயே இதைக் காணும் மாணவர்க்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இவ்வகைக் கல்வி புதிதன்று. 1937-இல் நியூயார்க்கில் பரப்புரை ஆய்வு நிறுவனம் ஒன்று தோன்றியது. பாசுட்டன் வணிகர் எட்வர்டு பைலீன் பொருளுதவி செய்தார். கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைடு மில்லர் முன்னின்று நடத்தினார். பரப்புரையின் ஏழு உத்திகளை அந்நிறுவனம் வகுத்துக்காட்டியது: வசைப்பெயர் சூட்டல், பளபளப்பான பொதுமொழி பேசல், ஒன்றன் மதிப்பை மற்றொன்றின்மேல் ஏற்றல், புகழ்பெற்றோரைச் சான்றுக்கு அழைத்தல், எளியர் வேடம் பூணல், தனக்கேற்றவற்றை மட்டும் அடுக்கல், எல்லாரும் செல்லும் வழி இதுவே என இழுத்தல். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இப்பட்டியல் பாடமாயிற்று. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிய காலத்தை ஒட்டி அந்நிறுவனம் மூடப்பட்டது. பட்டியல் மட்டும் இன்றளவும் பாடநூல்களில் உலவுகிறது.

பட்டியலின் குறை அன்றே சுட்டப்பட்டது. உத்தியைக் கண்டறிவது வேறு, உண்மையைக் கண்டறிவது வேறு. அம்மை ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று புகழ்பெற்ற ஒருவர் சொல்வதும் அதே உத்திதான். ஆனால் சொல்லப்பட்டது உண்மை. உத்தியைக் கண்டதும் பொய் என்று முடிவுகட்டும் மாணவன், முன்பு எல்லாவற்றையும் நம்பியவன், இப்போது எதையும் நம்பாதவன் ஆகிறான். இரண்டிலும் அவன் சான்றைத் தேடவில்லை.

அந்நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்தவர் பிரின்சுடன் பல்கலைக்கழக உளவியலார் ஏட்லி காண்ட்ரில். இவர் வாழ்க்கையே ஒரு பாடம். 1938 அக்டோபர் 30 அன்று, செவ்வாய்க் கோளினர் நியூசெர்சியில் இறங்கிவிட்டனர் என்று ஆர்சன் வெல்சு நிகழ்த்திய வானொலி நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடிற்று என மறுநாள் நாளிதழ்கள் எழுதின. காண்ட்ரில் 135 பேரை நேர்காணச் செய்து, அச்சத்தின் உளவியலைப் பற்றி 1940-இல் ஒரு நூல் வெளியிட்டார். நேர்காணப்பட்டோருட் பெரும்பாலோர் அஞ்சியவர்கள் என்று முன்பே அறிந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அன்றிரவே 5,000 இல்லங்களில் தொலைபேசி வழி எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், அந்நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோர் 2 விழுக்காட்டினரே. விளம்பர வருவாயை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த நாளிதழ்களுக்கு, அப்புதிய ஊடகம் நம்பத்தகாதது என்று காட்டுவதில் நலனும் இருந்தது. பரப்புரையைக் கண்டறியக் கற்பித்த நிறுவனத்தின் தலைவரே, பெருமக்கள் பீதி என்னும் நாளிதழ்க் கதையை ஏற்று, அதன்மேல் ஆய்வு எழுப்பினார். அறிவுடைமை மட்டும் காப்பாகாது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

ஆனால் அதே காண்ட்ரில்தான், ஆல்பர்ட்டு ஏசுட்டார்புடன் இணைந்து 1954-இல் இத்துறையின் மிக அழகிய ஆய்வுகளுள் ஒன்றைத் தந்தார். 1951 நவம்பரில் பிரின்சுடனும் தார்ட்மவுத்தும் மோதிய முரட்டுக் கால்பந்தாட்டத்தின் படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்க்கும் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். தார்ட்மவுத்து ஆட்டக்காரர் செய்த மீறல்கள் எனப் பிரின்சுடன் மாணவர் எண்ணியவை, தார்ட்மவுத்து மாணவர் எண்ணியவற்றைப் போல் இருமடங்குக்கும் மேல். படச்சுருள் ஒன்றே, கண்களும் பழுதற்றவை. எந்தப் பள்ளியும் இதைத் தன் ஆடுகளத்தில் செய்து பார்க்கலாம். அடுத்த பள்ளியுடன் நடந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவும், இரு பள்ளி மாணவரும், ஒரு தாளும் போதும்.

இந்த இடத்தில்தான் குமுக உளவியல், பிற பாடங்கள் தர இயலாத ஒன்றைத் தருகிறது. கணினிப் பாடம் பொய்ப்படத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று கற்பிக்கும். மொழிப் பாடம் சொல்லின் சாய்வைக் கற்பிக்கும். ‘நான் எப்படி ஏமாறுகிறேன்’ என்று கேட்பது உளவியல் ஒன்றே. 1977-இல் இலின் ஆசர் குழுவினர், உண்மையும் பொய்யும் கலந்த கூற்றுகளை இரு வார இடைவெளியில் மூன்று முறை மாணவர்க்குக் காட்டினர். திரும்பத் திரும்பக் கண்டவை, பொய்யே ஆயினும், உண்மைபோல் தோன்றத் தொடங்கின. அறியாதவற்றில் அப்படி நேரலாம், அறிந்தவற்றில் நேருமா என்று 2015-இல் இலிசா பாசியோ குழுவினர் ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்ட பொய்க் கூற்றுகளுள் ஒன்று, இசுக்காட்லாந்தினர் அணியும் மடிப்புப் பாவாடைக்குச் சேலை என்று பெயர் என்பது. சரியான விடையை அறிந்தவர்களிடமும் திரும்பக் கேட்டல் தன் வேலையைச் செய்தது. சேலை இன்னதென்று தெரியாதவர் எவருமில்லாத நம் வகுப்பறையில் இந்த எடுத்துக்காட்டைச் சொன்னால் முதலில் சிரிப்பு எழும்; அச்சிரிப்பே நல்ல தொடக்கம். வேறொருவர் ஏமாந்ததற்குச் சிரிக்கிறோம். தம்மைவிடப் பிறரையே ஊடகம் மிகுதியாக மயக்குகிறது என்று மாந்தர் எண்ணும் போக்கை, பிலிப்சு டேவிசன் 1983-இலேயே ‘மூன்றாம் ஆள் விளைவு’ என்று பெயரிட்டு எழுதிவிட்டார்.

இத்தகைய ஆய்வுகளை மட்டும் கற்றுத் தருவதில் ஓர் இடர் உண்டு என்பதை மறைக்கலாகாது. உள்ளத்தின் சறுக்கல்களையே அடுக்கிக்கொண்டு போனால், மாணவர் நெஞ்சில் எஞ்சுவது பொதுவான ஐயுறவு. வில்லியம் மக்குவயர் 1960-களில் தடுப்பூசிக் கொள்கையை முன்வைத்தார்: வலுவிழந்த பொய்யை முன்கூட்டியே காட்டி, அதன் மறுப்பையும் சொல்லிவிட்டால், பின்னர் வரும் வலிய பொய்யை உள்ளம் எதிர்த்து நிற்கும். அக்கொள்கையின் வழியில் கேம்பிரிட்சு ஆய்வாளர் 2018-இல் இணைய விளையாட்டு ஒன்றை உருவாக்கினர். ஆடுபவர் தாமே பொய்ச்செய்தி பரப்புபவராக நடித்து உத்திகளைக் கற்பார். இவ்வகை விளையாட்டுகளின் தரவுகளை மீண்டும் ஆய்ந்து 2023-இல் வெளிவந்த ஒரு கட்டுரையோ, ஆடியவர் பொய்யைப் பிரித்தறியும் திறன் பெற்றதைவிட எல்லாவற்றையும் சற்றுக் கூடுதலாக ஐயுறத் தொடங்கினர் என்றே முடிவு கூறியது. உண்மைச் செய்தியையும் பொய் என்று தள்ளுபவரை ஊடகத் தெளிவு பெற்றவர் என்று நான் ஏற்க மாட்டேன்.

ஆதலால் ஐயத்தோடு ஒரு செய்முறையும் வேண்டும். இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மக்குரூவும் வரலாற்றுப் பேராசிரியர் பதின்மர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர் பதின்மர், இளநிலை மாணவர் இருபத்தைவர் ஆகியோரை இணையப் பக்கங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடச் செய்தனர். கற்றறிந்த பேராசிரியர்கள் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து, அதன் தோற்றத்திலும் பெயரிலும் பல வேளை ஏமாந்தனர். சரிபார்ப்பாளரோ வந்த சில நொடிகளில் அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துவோர் யார் என்று பிறர் எழுதியதைத் தேடினர். ஆழ்ந்து படித்தல் பள்ளி தரும் உயர்ந்த பயிற்சி. ஆனால் இன்னார் எழுதியது என்று தெரியாத ஒன்றை ஆழ்ந்து படிப்பது, எழுதியவனின் பிடிக்குள் நாமே நடந்து செல்வதாகும். அப்பல்கலைக்கழகத்தின் குழு பின்னர் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவரிடம், தேர்தல் முறைகேடு என்று காட்டப்பட்ட தெளிவற்ற ஒரு காணொளியைத் தந்தது. 52 விழுக்காட்டினர் அதை அமெரிக்கத் தேர்தலில் நடந்த முறைகேட்டுக்கு வலுவான சான்று என்றனர். அது உருசியாவில் எடுக்கப்பட்டது. இணையத்தில் தேடி அதைக் கண்டுபிடித்தவர் மூவர் மட்டுமே. இப்பழக்கத்தை ஊட்ட நெடுங்காலம் வேண்டியதில்லை. ஆறு பாடவேளைகளில் உயர்நிலை மாணவர் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறினர் என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தலின்போது பீகாரில் 1,224 பேரைக் கொண்ட ஆய்வில், அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, ஒரு மணி நேர அளவில், வீடு தேடிச் சென்று பொய்ச்செய்தியைக் கண்டறியும் பயிற்சி அளித்துப் பார்த்தார். மொத்தத்தில் பயன் விளையவில்லை. பின்னர் அவரும் குழுவினரும் அதே மாநிலத்தில் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவரைக் கொண்டு, 14 வாரங்களில் பரவிய வகுப்புகளாக அதனை நடத்தினர். பாடப்பொருள் பெரும்பாலும் உடல்நலம் பற்றிய பொய்ச்செய்திகள். மாணவர் உண்மையையும் பொய்யையும் பிரித்தறியும் திறன் உயர்ந்தது. நான்கு திங்கள் கழித்தும் அது நிலைத்திருந்தது. வகுப்பில் கற்பிக்கப்படாத அரசியற் செய்திகளுக்கும் பரவியது. மாணவரின் பெற்றோரிடமும் அம்முன்னேற்றம் காணப்பட்டது.

இந்தியாவின் நடுவண் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் நூல் மனப்பான்மையைப் பற்றியும் குழுவின் தாக்கத்தைப் பற்றியும் பேசுகிறது. அங்கே ஒரு வார இடம் ஒதுக்கி, டேவிசனின் மூன்றாம் ஆள் விளைவை மாணவரே அளக்கச் செய்யலாம். ‘கைப்பேசியில் பகிர்ந்து வரும் பொய்ச்செய்திகள் உங்களை எவ்வளவு மயக்குகின்றன?’ ‘மற்றவரை எவ்வளவு மயக்குகின்றன?’ இந்த இரு வினாக்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் மதிப்பெண் வாங்கி வரட்டும். வினவப் புறப்படுமுன் தம் சொந்த மதிப்பெண்களையும் எழுதி, மூடிய உறையில் வைத்து ஆசிரியரிடம் தரட்டும். மறுநாள் கரும்பலகையில் இரண்டு சராசரிகளும் எழுதப்பட்ட பிறகே உறைகளைத் திறக்க வேண்டும்.